வாடும் பவளம்: வீட்டு ரீஃப் தொட்டி வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ரீஃப் தொட்டி என்பது உயிருள்ள பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி. பவளம் வாட ஆரம்பித்ததும் தொட்டிக்காரர்கள் கேட்கிற கேள்விகள் இவை. முக்கால்வாசிக் கேள்விகளை நானும் ஒரு காலத்தில் பதறிப்போய்க் கேட்டிருக்கிறேன். மீனுக்கு உடம்பு சரியில்லை என்றால் அது நீந்துகிற விதத்திலேயே தெரிந்துவிடும். பவளம் அப்படியில்லை. இன்று அது காட்டுகிற வாட்டத்துக்குக் காரணம் இரண்டு வாரத்துக்கு முன்பு நாம் செய்த ஏதாவது ஒன்றாக இருக்கலாம். அதற்குள் நாம் இன்னும் நாலு வேலை செய்து முடித்திருப்போம். நான் பார்த்த வரையில், வாடிய பவளங்களில் பாதியைக் கொல்வது முதலில் வந்த பிரச்சினை இல்லை, அதைச் சரிசெய்யப் போய் வந்த பிரச்சினைதான்.

நேற்று வரை நன்றாக விரிந்திருந்தது, இன்று சுருங்கிக் கிடக்கிறது. உடனே என்ன செய்ய வேண்டும்?

வெப்பமானியைப் பாருங்கள். பம்ப் எல்லாம் ஓடுகிறதா என்று பாருங்கள். உப்பை அளந்துகொள்ளுங்கள். மூன்றும் சரியாக இருந்தால் இரண்டு மூன்று நாள் சும்மா இருங்கள்.

ஒரு நாள் சுருங்குவது நோய் இல்லை. ராத்திரி நத்தை மேலே ஏறிப் போயிருக்கும், சாப்பாட்டைத் திருட இறால் வாய்க்குள் காலை விட்டிருக்கும், நேற்று நீங்கள் தண்ணீர் மாற்றியிருப்பீர்கள். லெதர் வகை மென்பவளங்கள் ஒரு வாரம்கூட மூடிக்கொண்டு, மேலே மெழுகு பூசியது போல மினுங்கி, பிறகு அந்தத் தோலை உரித்துப்போட்டுவிட்டு முன்பைவிட நன்றாக விரியும். முதல் தடவை பார்க்கிறவர்கள் அது செத்துவிட்டது என்றே முடிவுகட்டிவிடுவார்கள்.

காத்திருக்கக் கூடாத நிலைமை இரண்டுதான். எலும்பிலிருந்து சதை கண்ணெதிரே உரிந்து வருவது ஒன்று, பழுப்பு நிறத்தில் கூழ் போல ஏதாவது படிந்திருப்பது இன்னொன்று. இரண்டுக்கும் கீழே பதில் இருக்கிறது, நேராக அங்கே போய்விடுங்கள்.

வெள்ளையாகிவிட்டது. உயிர் இருக்கிறதா, போய்விட்டதா?

இரண்டு வெள்ளை உண்டு. பவளத்தின் சதைக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. வெளிச்சத்தை உணவாக்கி, பவளத்துக்கு வேண்டிய சக்தியில் பெரும்பகுதியை அவைதான் கொடுக்கின்றன. நாம் பார்க்கிற பழுப்பு நிறமும் அவற்றுடையது. பவளம் தாங்கமுடியாத நிலைக்கு வரும்போது அந்தப் பாசிகள் வெளியேறிவிடுகின்றன. மிஞ்சுவது கண்ணாடி மாதிரியான சதை, அதன் வழியே தெரிகிற வெள்ளை எலும்பு. இதுதான் வெளிறல். இந்தப் பவளம் உயிரோடுதான் இருக்கிறது, பட்டினியோடு இருக்கிறது.

இன்னொரு வெள்ளை, சதையே போய்விட்ட வெற்று எலும்பு. வித்தியாசம் தெரிய டார்ச் லைட்டைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். சதை இருந்தால் ஈரமாக ஒரு மினுமினுப்புத் தெரியும், எலும்பின் கூர்மையான விளிம்புகள் மழுங்கித் தெரியும். விளக்கு அணைந்து ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் சின்னச் சின்ன உணர்கொம்புகள் நீட்டிக்கொண்டிருக்கலாம். வெற்று எலும்பு என்றால் சொரசொரப்பு அப்படியே தெரியும், சில நாளில் பச்சையாகவோ பழுப்பாகவோ பாசி படிந்துவிடும்.

நிறம் மங்கிப் பழுப்பேறுவது இதற்கு நேர் எதிர். வெளிச்சம் போதவில்லை, அல்லது தண்ணீரில் சத்து மிகுந்துவிட்டது. பார்க்க அழகில்லை, ஆனால் ஆபத்தும் இல்லை.

எதையெல்லாம் அளக்க வேண்டும்? எவ்வளவு இருக்க வேண்டும்?

உப்பு 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு), அதாவது ஒப்படர்த்தி 1.026-ஐ ஒட்டி. வெப்பம் 24 முதல் 27 டிகிரி செல்சியஸுக்குள். ஆல்கலினிட்டி என்கிற காரத்தன்மை 7 முதல் 9 டிகேஹெச் (அதை அளக்கும் அலகு) வரை, கடலில் ஏறக்குறைய 7 இருக்கும். கால்சியம் 400 முதல் 450 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஒரு பிபிஎம்), மெக்னீசியம் 1,250 முதல் 1,350 பிபிஎம். நைட்ரேட் 2 முதல் 15 பிபிஎம், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம்.

இந்த எண்களை மனப்பாடம் செய்வதைவிட, உங்கள் தொட்டியில் அவை எவ்வளவு ஆடுகின்றன என்று பார்ப்பது முக்கியம். காரத்தன்மை 7-லேயே நிற்கிற தொட்டியில் பவளம் வளரும், 9-லேயே நிற்கிற தொட்டியிலும் வளரும். திங்கட்கிழமை 7, வியாழக்கிழமை 9 என்று ஊஞ்சலாடுகிற தொட்டியில்தான் வளராது. ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் எல்லா வாரமும் "சரியாத்தான் இருந்துச்சு" என்றே தோன்றும்.

அளந்துவிட்டேன், எல்லாமே சரியாக இருக்கிறது. அப்புறமும் ஏன் வாடுகிறது?

அளக்கிற கருவி சரியாக இருக்கிறதா?

என்னிடம் மூன்று தலை ஹாமர் பவளம் ஒன்று இருந்தது. இரண்டு மாதமாக அரைகுறையாகவே விரிந்தது. வெளிச்சம் அதிகமோ என்று கீழே வைத்தேன். நீரோட்டம் குறைவோ என்று வலது மூலைக்கு மாற்றினேன். பிறகு நடுவில், பிறகு மறுபடி கீழே. ஒவ்வொரு மாற்றத்துக்கும் இரண்டு நாள் விரிந்து காட்டி, மறுபடி சுருங்கிவிடும். வாராவாரம் உப்பு பார்த்தேன், எப்போதும் 35.

ஒரு நாள் வேறொருவருடைய ரிஃப்ராக்டோமீட்டரில் (உப்பு அளக்கும் கருவி) அதே தண்ணீரை வைத்துப் பார்த்தால் 39. நம்பாமல், 35 பிபிடி அளவுத்திருத்தக் கரைசலை என் கருவியில் விட்டேன். கோடு 31-க்குப் பக்கத்தில் நின்றது. நான் அதுவரை வடிகட்டிய நீரை விட்டுப் பூஜ்யத்தில் மட்டும் சரிபார்த்து வந்திருக்கிறேன். பூஜ்யத்தில் சரியாக நிற்கிற கருவி 35-லும் சரியாக நிற்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை என்பது அன்றுதான் உறைத்தது. ஹாமர் நாலு இடம் மாறி அலைந்ததெல்லாம் என் தவறுக்காக.

ஒரு நாளைக்கு அரை பிபிடி வீதம் இறக்கினேன், எட்டு நாள் ஆனது. பவளத்தை அந்த எட்டு நாளும் தொடவில்லை. மூன்றாவது வாரம் அது தானாக விரிந்தது.

ஆகவே, கடல்நீர் அளவுக்கான திருத்தக் கரைசல் ஒரு பாட்டில் கையில் இருக்கட்டும். டெஸ்ட் கிட்டுக்குக் காலாவதி தேதி உண்டு, அதையும் பாருங்கள். விசித்திரமான எண் வந்தால் தொட்டியில் எதையும் ஊற்றுவதற்கு முன் இன்னொரு கிட்டில் அளந்து பாருங்கள்.

கருவியும் சரி, எண்ணும் சரி என்றால், கிட் காட்டாத விஷயங்கள் இருக்கின்றன. பம்பின் காந்தம் உறை பிளந்து துருப்பிடித்திருக்கலாம், ஹீட்டர் விரிசல் விட்டிருக்கலாம், மீனுக்குக் கொடுத்த செம்பு கலந்த மருந்து பாறையில் ஊறியிருக்கலாம், அறையில் யாராவது கொசு மருந்து அடித்திருக்கலாம். ஒவ்வொரு உபகரணத்தையும் வெளியே எடுத்துக் கையில் திருப்பிப் பார்ப்பது ஒரு மணி நேர வேலைதான். சந்தேகம் வந்தால் நீரில் கலந்த வேண்டாத பொருள்களை உறிஞ்சும் கார்பன் புதிதாகப் போட்டு, சின்னச் சின்னதாகத் தண்ணீர் மாற்றுங்கள்.

ஆவியாகும் நீருக்குப் பதில் உப்புநீர் ஊற்றலாமா?

கூடாது. தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு தொட்டியிலேயே தங்கும். 100 லிட்டர் தொட்டியில் 3 லிட்டர் குறைந்தாலே 35 பிபிடி 36-ஐத் தாண்டிவிடும். ஆர்ஓ டிஐ வடிகட்டியில் வந்த, டிடிஎஸ் (நீரில் கரைந்த பொருள்களின் அளவு) 0 காட்டும் நன்னீரை ஊற்றுங்கள். சின்னத் தொட்டிக்குத் தானாக நிரப்பும் கருவி ஆடம்பரம் இல்லை. வேறு எந்த உபகரணத்துக்கும் முன்னால் நான் வாங்கச் சொல்வது அதைத்தான்.

காரத்தன்மை 6-க்கு இறங்கிவிட்டது. இன்றைக்கே ஏற்றிவிடலாமா?

இறங்கியதால் வருகிற கேட்டைவிட, ஒரே ராத்திரியில் ஏற்றுவதால் வருகிற கேடு பெரிது. ஒரு நாளைக்கு அரை டிகேஹெச், மிஞ்சிப் போனால் ஒன்று, அதற்கு மேல் வேண்டாம். 100 லிட்டர் நீரில் 1 டிகேஹெச் ஏற்ற ஏறக்குறைய 3 கிராம் சோடியம் பைகார்பனேட் போதும், அதாவது சமையல் சோடா. ஆர்ஓ நீரில் கரைத்து, நீரோட்டம் உள்ள இடத்தில் மெதுவாக ஊற்றுங்கள். 100 லிட்டர் என்பது பாறையும் மணலும் போக மிஞ்சும் நீரின் அளவு, தொட்டிப் பெட்டியில் அச்சடித்த அளவு இல்லை.

பவளம் எலும்பு கட்டும்போது காரத்தன்மையும் கால்சியமும் சேர்ந்துதான் குறையும். 2.8 டிகேஹெச் குறைந்தால் கால்சியம் 20 பிபிஎம் அளவுக்குத்தான் குறையும். அதனால்தான் கால்சியம் அசையாதது போலத் தெரியும்போதே காரத்தன்மை சரிந்துவிடுகிறது. வாரம் ஒரு தடவை கால்சியத்தை மட்டும் அளக்கிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

தண்ணீர் மாற்றும்போதும் இது நடக்கும். சில உப்புக் கலவைகள் 11 டிகேஹெச் வரை தரும். தொட்டியில் 7.5 இருக்க, ஐந்தில் ஒரு பங்கு மாற்றினால் ஒரே மூச்சில் 8.2 ஆகிவிடும். பாதித் தண்ணீரை மாற்றினால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். "பவளம் வாடுதே, நல்லா தண்ணி மாத்துவோம்" என்று கிளம்பும் நல்லெண்ணம், புது நீரை அளந்து பார்க்காவிட்டால் அடுத்த அடியாக விழும். சத்துக் குறைந்த தொட்டியில் காரத்தன்மை எகிறினால் அக்ரோபோரா என்கிற கிளைப் பவளத்தின் நுனிகள் தீய்ந்தது போல வெளுத்துப்போவதை நான் என் தொட்டியிலேயே பார்த்துவிட்டேன்.

நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யம். சுத்தமான தண்ணீர் நல்லதுதானே?

இல்லை. சுத்தம் என்ற சொல் நம்மை ஏமாற்றுகிற இடம் இது. பவளத்துக்குள் இருக்கும் பாசிக்கு நைட்ரஜனும் பாஸ்பரஸும் வேண்டும். இரண்டும் இல்லாத தொட்டியில் பவளம் மெல்ல வெளிறி, சதை மெலிந்து, எலும்பின் விளிம்பு தெரிய ஆரம்பிக்கும். அதைவிட மோசம், ஒன்று நிறைய இருந்து மற்றது இல்லாமல் போவது. நைட்ரேட் மிகுந்து பாஸ்பேட் பட்டினி கிடக்கும் பவளம் வெப்பத்துக்கும் வெளிச்சத்துக்கும் சுலபமாக வெளிறிவிடுகிறது என்று இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. பாஸ்பேட் உறிஞ்சியை ஒரு பை நிறையப் போட்ட மறுவாரம் பவளம் வெளுப்பதன் காரணம் பல தடவை இதுதான்.

பூஜ்யத் தொட்டியில் இன்னொரு விருந்தாளியும் வரும். பழுப்புச் சளி போல நூல் நூலாக, நுனியில் காற்றுக்குமிழோடு மணலை மூடும் டைனோஃப்ளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர். இவற்றில் சில வகை நத்தைகளைக்கூடக் கொன்றுவிடும்.

உறிஞ்சியை எடுத்துவிடுங்கள், கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் ஓடும் நேரத்தைக் குறையுங்கள், மீனுக்குக் கூடுதலாகப் போடுங்கள். மூன்றையும் ஒரே நாளில் செய்யாதீர்கள். ஒன்றைச் செய்து ஒரு வாரம் அளந்து பார்த்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள்.

வெளிச்சம் கூடிவிட்டதா, குறைந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்?

சொந்தமாக வாங்க வேண்டியதில்லை, பாசிக்குப் பயன்படும் வெளிச்சத்தை அளக்கும் பிஏஆர் மீட்டரை ஒரு நாளைக்கு யாரிடமாவது இரவல் வாங்குங்கள். மென்பவளமும், ஹாமர், டார்ச் போன்ற பெரிய பாலிப் (வாயும் உணர்கொம்புகளும் உள்ள ஒற்றைப் பவள உயிர்) பவளங்களும் 50 முதல் 150 வரை போதுமென்று இருக்கும். அக்ரோபோரா போன்ற சிறிய பாலிப் வகைகளுக்கு 200 முதல் 350. எல்இடி விளக்கின் நீலம் நம் கண்ணுக்கு மங்கலாகத் தெரியும், ஆனால் பாசிக்கு அதுதான் பிரதான உணவு. கண்ணால் கணித்தால் ஏமாந்துபோவோம்.

வெளிறிய பவளத்தை வெளிச்சம் குறைந்த இடத்துக்கு, 50 முதல் 100 இருக்கும் இடத்துக்கு, ஒரே ஒரு தடவை மாற்றுங்கள். வெயிலில் கருகிய தோலை மறுபடி வெயிலில் காட்டக் கூடாது அல்லவா, அதே கதைதான். பாசி இல்லாத நிலையில் வெள்ளை எலும்பு வெளிச்சத்தைச் சிதறடித்துச் சதைக்குள்ளேயே திருப்பி அடிக்கும், அதனால் மிஞ்சியிருக்கும் பாசிக்கும் அடி விழும். நிறம் திரும்பிய பிறகு சில வாரம் எடுத்துக்கொண்டு படிப்படியாக ஏற்றலாம். புது விளக்கு மாட்டினாலும் பாதி வலுவில் தொடங்கி இதேபோல ஏற்றுங்கள்.

நீரோட்டம்?

பம்ப் நேராகப் பவளத்தின் மேல் அடிக்கக் கூடாது. பாலிப்புகள் காற்றில் நெல்வயல் அசைவது போல அசைய வேண்டும். ஒரே பக்கமாகச் சாய்ந்து படுத்திருந்தால் ஓட்டம் அதிகம், எலும்பின் கூரான விளிம்பில் உரசிச் சதை கிழியும். அசையாமல் நின்று, மேலே தூசு படிந்தால் குறைவு.

வெப்பம் 30-ஐத் தொடுகிறது. எத்தனை நாள் தாங்கும்?

பவளம் தன் வாழ்நாளெல்லாம் வரம்பின் மேல் விளிம்பிலேயே வாழ்கிற உயிர். கடலில், ஆண்டின் மிக வெப்பமான மாதத்தின் வழக்கமான அளவைவிட 1 டிகிரி கூடி, அது நாலு வாரம் நீடித்தாலே வெளிறல் தொடங்கும் என்று கணக்கு வைத்துத்தான் அமெரிக்காவின் நோவா நிறுவனம் செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கை கொடுக்கிறது. எட்டு வாரக் கணக்கு வந்தால் சாவு எதிர்பார்க்கிறார்கள். தொட்டியிலும் ஒரு நாள் 29 போனது பெரிய விஷயமில்லை, தினமும் போவதுதான் ஆபத்து.

நீர்மட்டத்தின் மேல் சின்ன மின்விசிறி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆவியாதல் கூடும் என்பதால் நன்னீர் நிரப்புவதில் இன்னும் கவனம் வேண்டும். வெப்பமான நீரில் ஆக்சிஜனும் குறைவு. மின்சாரம் போனால் விளக்கைப் பற்றிக் கவலை வேண்டாம், பேட்டரியில் ஓடும் காற்று பம்பை முதலில் போடுங்கள்.

வாடிய பவளத்துக்குச் சாப்பாடு கொடுக்கலாமா?

உணர்கொம்பு நீட்டினால் கொடுக்கலாம். நீட்டாவிட்டால் வேண்டாம். சுருங்கிக் கிடக்கும் பவளத்தின் மேல் வைத்த இறைச்சித் துண்டு அங்கேயே அழுகி, ஆரோக்கியமான சதையையும் கூட்டிக்கொண்டு போய்விடும்.

வெளிறிய டிராக்கிஃபில்லியா பவளம் ஒன்றுக்கு நான் ஒன்றரை மாதம் சாப்பாடு கொடுத்தேன். விளக்கு அணைந்து முக்கால் மணி நேரம் கழித்து, சிவப்பு டார்ச்சோடு போவேன். வாயைச் சுற்றி முடி போல வெள்ளை உணர்கொம்புகள் வளையமாக எழுந்திருக்கும். முதலில் மைசிஸ் என்கிற பொடி இறால் தீனி உருகிய சாற்றைச் சிரிஞ்சில் இரண்டு சொட்டு விடுவேன். அரை நிமிஷத்தில் மீதிக் கொம்புகளும் எழும். பம்பை நிறுத்திவிட்டு, பொடியாக நறுக்கிய மைசிஸை இரண்டே துண்டு, கொம்பின் மேல் படுகிற மாதிரி. கொம்புகள் ஒட்டிப் பிடித்து உள்பக்கமாக மடங்கும். வாய் பிளவு போலத் திறந்து துண்டு உள்ளே போகப் பத்து நிமிஷம் ஆகும். அந்தப் பத்து நிமிஷமும் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் இறால் வந்து வாயிலிருந்தே பிடுங்கிக்கொண்டு போய்விடும். ஒரு பிளாஸ்டிக் புட்டியின் மேல்பாதியை வெட்டிக் கவிழ்த்துவைத்த பிறகுதான் எனக்கு அந்தத் திருட்டிலிருந்து விடுதலை கிடைத்தது.

வாரம் இரண்டு தடவை போதும். விழுங்கியதை மறுநாள் துப்பியிருந்தால் துண்டு பெரிது என்று பொருள்.

பழுப்பு நிறத்தில் கூழ் படிந்திருக்கிறது. இது என்ன?

பெரிய பாலிப் பவளங்களை, குறிப்பாக ஹாமர், டார்ச் வகைகளைத் தாக்கும் பழுப்புக் கூழ் நோய். பாக்டீரியாவும் சிலியேட் என்ற நுண்ணுயிரும் அழுகும் சதையில் கூட்டம் போட்டிருக்கும். ஒரு தலையிலிருந்து பக்கத்துத் தலைக்கு ஒரே நாளில் தாவும். வெளியே எடுத்தால் நாற்றமே சொல்லிவிடும்.

எல்லாப் பம்பையும் நிறுத்துங்கள், கூழ் மிதந்து போய் இன்னொரு பவளத்தில் ஒட்டக் கூடாது. மெல்லிய குழாயால் கூழை உறிஞ்சி வாளியில் விட்டுவிடுங்கள். அப்புறம் பவளத்தைத் தொட்டிநீர் உள்ள கிண்ணத்தில் வைத்து வெளியே எடுங்கள். நோய் கண்ட தலையை, கிளைத்து வளரும் வகை என்றால், சதையில்லாத எலும்புப் பகுதியில் வெட்டிப் போட்டுவிடுங்கள். "பாதி நல்லாத்தானே இருக்கு" என்று இரக்கம் காட்டுகிற தலைதான் மற்ற தலைகளைக் கொல்லும். மீதியை அயோடின் டிப்பில் (முக்கி எடுக்கும் மருந்துக் கரைசல்), புட்டியில் சொன்ன அளவில், சொன்ன நேரம் வைத்து, சுத்தமான தொட்டிநீரில் அலசுங்கள். தனித் தொட்டி இருந்தால் அதில் ஒரு வாரம் இருக்கட்டும்.

அக்ரோபோராவில் சதை மணிக்கணக்கில் உரிந்து விழுந்தால் அது வேறு நோய். உரியும் கோட்டுக்கு ஒன்று இரண்டு சென்டிமீட்டர் மேலே, நிறம் குன்றாத நுனிகளை வெட்டித் தனித்தனியாக ஒட்டிவிடுங்கள். தாய்க் கிளையைக் காப்பாற்ற முயன்று நேரத்தைச் செலவழித்தால் நுனியும் போய்விடும்.

பூச்சி இருக்குமோ என்று சந்தேகம். எப்படிக் கண்டுபிடிப்பது?

இரண்டு கிண்ணம், ஒரு சிரிஞ்ச், டிப் மருந்து, ஒரு பூதக்கண்ணாடி. முதல் கிண்ணத்தில் மருந்து கலந்த தொட்டிநீர், இரண்டாவதில் வெறும் தொட்டிநீர். பவளத்தை முதலாவதில் வைத்து, சிரிஞ்சால் கிளை இடுக்கிலும் அடியிலும் நீரைப் பீய்ச்சுங்கள். அடி வெள்ளையாக இருக்கும் கிண்ணம் நல்லது. அக்ரோபோரா தட்டைப்புழு பவளத்தின் மேல் இருக்கும்போது கண்ணுக்குத் தெரியவே தெரியாது, அதே நிறத்தில் ஒட்டியிருக்கும். கிண்ணத்தின் அடியில் விழுந்து, நகத்துணுக்கு போலச் சுருண்டு நெளியும்போதுதான் தெரியும். மாண்டிபோரா என்ற பவளத்தைத் தின்னும் ஓடில்லாத கடல் நத்தை வெள்ளையாக, முதுகில் இழைகளோடு இருக்கும். டிப் நீரைத் தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள்.

டிப்பில் பூச்சி சாகும், முட்டை சாகாது. எனவே அடிப்பக்கத்தில் பொட்டுப் பொட்டாக ஒட்டியிருக்கும் முட்டைகளைச் சுரண்டி எடுத்து, வாரம் ஒரு தடவை வீதம் நாலைந்து வாரம் டிப் செய்யுங்கள். பவளத்தோடு வந்த பிளக்கை (அதை ஒட்டி விற்கும் சின்ன அடிக்கல்) உடைத்து எறிந்துவிட்டுப் புதியதில் ஒட்டுவது என் பழக்கம். ஏற்கெனவே நலிந்திருக்கும் பவளத்துக்கு டிப்பே ஒரு அடிதான். பூச்சி உண்டு என்பதற்கு அறிகுறி எதுவும் இல்லாமல், சும்மா ஒரு சமாதானத்துக்காக முக்காதீர்கள்.

ஸோவாந்திட் பவளத்தைக் கையால் தொடலாமா?

கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் வேண்டாம். ஸோவாந்திட்களில் ஒன்றான பாலிதோவா வகைகள் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. 1971-இல் ஹவாயில் இப்படியொரு பாலிதோவாவிலிருந்துதான் அதை முதன்முதலில் பிரித்தெடுத்தார்கள். வெட்டும்போது சாறு கண்ணில் தெறிப்பதும், அவற்றைக் கொல்ல நினைத்துப் பாறையை வெந்நீரில் கொதிக்கவைப்பதும் மருத்துவமனையில் கொண்டுபோய் விடும். ஆவியை மூச்சில் இழுத்தாலே போதும், வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் ஆபத்து. இந்த ஒரு பதிலில் மட்டும் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஒரு பக்கம் மட்டும் சதை கருகுகிறது. ஏன்?

ராத்திரி டார்ச்சோடு போய்ப் பாருங்கள். பகலில் சாதுவாக இருக்கும் கேலக்ஸியா பவளம் இருட்டியதும் 15 சென்டிமீட்டருக்கும் மேல் நீளமான கொட்டும் கொம்புகளை வீசும். ஹாமரும் ஃப்ராக்ஸ்பானும் ஒட்டி உட்கார்ந்தாலும் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும், டார்ச் பவளத்தை அவற்றோடு சேர்த்தால் அதுதான் ஜெயிக்கும். லெதர் பவளங்கள் தொடாமலே சண்டை போடும். அவை தண்ணீரில் விடும் வேதிப்பொருள் தொட்டி முழுக்கப் பரவும், கார்பன் போட்டால் தணியும்.

கொட்டுகிறவர் யாரும் இல்லையென்றால் மீனைக் கவனியுங்கள். குள்ள வகை ஏஞ்சல் மீன் ஒரு வருஷம் ஒழுங்காக இருந்துவிட்டுத் திடீரென்று கொத்தப் பழகும்.

பிஹெச் 7.9 தான் காட்டுகிறது.

விட்டுவிடுங்கள். விடிகாலையில் குறையும், சாயங்காலம் ஏறும். ஜன்னலைத் திறந்துவைத்தால் அறையில் சேர்ந்த கார்பன் டை ஆக்சைடு குறைந்து தானாக ஏறும். பிஹெச் ஏற்றும் புட்டிகளை வாங்காதீர்கள், அவை காரத்தன்மையைத்தான் ஆட்டிவைக்கும்.

சதை பின்வாங்கிக்கொண்டே போகிறது. வெட்டிவிடலாமா?

பின்வாங்கும் கோட்டைப் பென்சிலால் ஒரு படத்தில் குறித்துக்கொள்ளுங்கள், அல்லது போட்டோ எடுங்கள். ஒரு வாரத்தில் நகரவில்லை என்றால் வெட்ட வேண்டாம், அது ஆறிக்கொண்டிருக்கிறது. வெற்று எலும்பில் பாசி ஏறிச் சதையைத் தள்ளாமல் மட்டும் மென்மையான பிரஷ்ஷால் துடைத்துவிடுங்கள். கோடு நகர்ந்துகொண்டே இருந்தால் நல்ல சதைக்குள் அரை சென்டிமீட்டர் தள்ளி வெட்டி, வெட்டுவாயை சூப்பர் குளூ ஜெல்லால் மூடுங்கள்.

பாலிப் மொத்தமாகக் கழன்று மிதக்கிறது.

தாங்கமுடியாத சூழலில் பாலிப் தன் எலும்பைக் கைவிட்டுத் தப்பிப்பது இது. 1982-லேயே விவரித்திருக்கிறார்கள். ஓட்டம் குறைந்த ஒரு சின்ன வலைக்கூடையில், கொஞ்சம் கல்துண்டுகளோடு போட்டுவையுங்கள். ஹாமர், டார்ச் வகைகளில் மறுபடி ஒட்டுவது அபூர்வம். மீதிப் பாலிப்புகளையாவது காப்பாற்ற, எது அதை விரட்டியது என்று தேடுங்கள். முதலில் உப்பு, அப்புறம் வெப்பம்.

எத்தனை நாளில் தேறும்?

உப்போ வெப்பமோ சரியான பிறகு, சுருங்கிய பவளம் விரிய ஒன்று முதல் மூன்று வாரம். வெளிறியதற்கு நிறம் திரும்ப ஒன்றரை மாதம் முதல் நாலு மாதம். போன சதை மறுபடி எலும்பை மூட இன்னும் அதிகம். தினமும் பார்த்தால் மாற்றமே தெரியாது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அதே நேரம், அதே விளக்கில், அதே கோணத்தில் ஒரு போட்டோ எடுங்கள். முதல் போட்டோவையும் ஐந்தாவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தேறுகிறதா தேய்கிறதா என்பது தெரிந்துவிடும்.

செத்துவிட்டது. எலும்பைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

பழுப்புக் கூழில் செத்தது என்றால் உடனே எடுத்துவிடுங்கள். மற்றபடி அவசரப்பட வேண்டாம். ஃபங்கியா என்கிற தட்டுப் பவளம் முழுக்கச் செத்ததாகத் தெரிந்தாலும், எலும்பின் மடிப்பில் கண்ணுக்குத் தெரியாத சதைத் துணுக்குகள் மிஞ்சியிருக்கலாம். என்னுடையது ஒன்றை வெளிச்சம் குறைந்த ஒரு பாறையிடுக்கில் போட்டு மறந்தே போனேன். மேலெல்லாம் இளஞ்சிவப்புக் கல்பாசி படர்ந்துவிட்டது. ஐந்து மாதம் கழித்துப் பாறையை நகர்த்தியபோது, விளிம்பில் மிளகு அளவில் பச்சையாக ஏழு பொட்டுகள். ஒவ்வொன்றும் சின்னக் காம்பில் காளான் போல நின்றது, நடுவில் கோடு கிழித்தது போல வாய். அவற்றைப் பிடுங்கக் கூடாது, காம்போடு வளர்ந்து ஒரு நாணய அளவு ஆனதும் தாமாகவே கழன்று மணலில் விழும். என்னுடையதில் நாலு விழுந்துவிட்டன, மூன்று இன்னும் காம்பிலேயே இருக்கின்றன.